வானம் பார்க்கப் போகலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பள்ளி மைதானம், கடற்கரை, அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி எனத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வானியல் ஆர்வலர் குழுக்கள் தொலைநோக்கியை நிறுத்தி, வருகிற எல்லோருக்கும் வானத்தைக் காட்டுகின்றன. முதலில் ஒரு சிறு உரை, இருட்டியதும் வான்நோக்கல், இடையிடையே கேள்வி-பதில் என்பதே பெரும்பாலும் நிகழ்ச்சியின் வடிவம். ‘அங்கே போய் நமக்கு என்ன புரியப்போகிறது?’ என்று தயங்குபவர்கள் ஒருபக்கம். இணையப் படங்களைப் பார்த்துவிட்டு அதே காட்சியை எதிர்பார்த்து வருபவர்கள் மறுபக்கம். இரு தரப்பினருக்கும் எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

1. அறிவியல் படித்தவர்களுக்கு மட்டும்தானா? கட்டணம் உண்டா?

காட்டுபவர்களிலேயே பலர் வானியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் வானம் பார்க்கப் பழகியவர்கள். பார்ப்பதற்குப் படிப்பு தேவையில்லை. பொது நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இலவசம். வெளியூருக்கு அழைத்துச் சென்று தங்கவைக்கும் முகாம்களுக்குப் பணம் கேட்பார்கள்.

சிறு குழந்தைகளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடிப் பார்க்க வராது. மறு கண்ணை உள்ளங்கையால் பொத்திவிட்டால் போதும். கண்ணாடி அணிபவர்களுக்குக் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருந்தால் அதைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். தொலைநோக்கியின் குவியத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ள முடியும். சிதறல் பார்வை உள்ளவர்கள் கண்ணாடியுடன் பார்ப்பது நல்லது.

2. பௌர்ணமி அன்று போனால் நிலவு நன்றாகத் தெரியும் அல்லவா?

வெறும் கண்ணுக்குப் பௌர்ணமி அழகு. தொலைநோக்கிக்கு அது சுமாரான நாள். அன்று சூரிய ஒளி நிலவின் மீது நேராக விழுவதால் மலைகளுக்கும் பள்ளங்களுக்கும் நிழலே இருக்காது. எல்லாம் வெளுத்த தட்டாகத் தெரியும். வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமி வரையிலான நாட்கள்தான் சிறந்தவை. நிலவில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் எல்லையில் நிழல்கள் நீளமாக விழ, பள்ளங்களின் விளிம்பும் நடுவே நிற்கும் சிகரமும் துல்லியமாகத் தெரியும். சுமார் 93 கி.மீ. அகலமுள்ள கோபர்நிகஸ் பள்ளத்தைப் பார்க்க வளர்பிறை தசமியை ஒட்டிய நாட்கள் ஏற்றவை.

நல்ல காரியத்துக்கு ஆகாது என்று வீட்டில் ஒதுக்கும் அஷ்டமியும் நவமியும் வானம் பார்ப்பவர்களுக்கு உகந்த நாட்கள். விண்மீன் கூட்டங்கள், நெபுலாக்கள், பால்வீதி ஆகியவற்றைப் பார்க்க விரும்புபவர்களுக்கு அமாவாசையை ஒட்டிய இரவுகள். ஆக, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே நாள் குறிக்கப் போதும்.

3. நேராகக் காட்டிவிட வேண்டியதுதானே, முன்னால் உரை எதற்கு?

முதல் காரணம் நடைமுறை சார்ந்தது. சூரியன் மறைந்ததும் வானம் இருண்டுவிடாது. நம் ஊர்களில் முழு இருளுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியை உரை நிரப்புகிறது.

இரண்டாவது காரணம் முக்கியமானது. ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் தொலைநோக்கியில் ஒரு மங்கலான வெள்ளைத் திட்டுதான். அது 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, இப்போது கண்ணில் படும் ஒளி மனித இனம் தோன்றும் முன்பே அங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்தத் திட்டு வேறாகத் தெரியும். தெரியாமல் பார்ப்பவர், ‘அவ்வளவுதானா?’ என்று நகர்ந்துவிடுவார்.

4. சனிக்கோளின் வளையம் படத்தில் இருப்பதுபோலத் தெரியுமா?

வளையம் நிச்சயமாகத் தெரியும். 25 மடங்கு பெரிதாக்கும் சிறிய தொலைநோக்கியே போதும். ஆனால் அளவு சிறியது. 100 மடங்கு பெரிதாக்கினால், நீட்டிய கையில் சுண்டுவிரல் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வளையத்தோடு சேர்த்துச் சனி இருக்கும். வளையத்தின் சாய்வும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025 மார்ச்சில் அதன் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பியதால் வளையம் ஏறக்குறைய மறைந்தே போனது. இனிவரும் ஆண்டுகளில் மெல்ல விரிந்து, 2030-களின் தொடக்கத்தில் மிக அகலமாகத் தெரியும்.

வியாழன் ஏமாற்றாது. அதன் நான்கு பெரிய நிலவுகளும் வரிசையாகத் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டது இவற்றைத்தான். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வரிசையில் நின்று பாருங்கள். அவை இடம் மாறியிருப்பதை நீங்களே கண்டுகொள்ளலாம்.

5. ஓரியன் நெபுலா படத்தில் சிவப்பும் ஊதாவுமாக இருக்கிறது. நேரில் சாம்பல் நிறமாகத் தெரிவது ஏன்?

கேமரா பல நிமிடங்கள், சில நேரம் பல மணி நேரம், ஒளியைச் சேர்த்துப் படம் எடுக்கிறது. கண்ணுக்கு அப்படிச் சேர்த்துவைக்கும் வசதி இல்லை. மங்கலான ஒளியில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் பிரித்தறியவும் தெரியாது. எனவே நெபுலாக்கள் பெரும்பாலும் சாம்பல் புகையாகத்தான் தெரியும். படத்தில் இருப்பது பொய்யல்ல. கண்ணின் எல்லைக்கு அப்பாற்பட்ட உண்மை. நிறத்தை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் விண்மீன்களைக் காட்டச் சொல்லுங்கள். திருவாதிரையின் செம்மையும் அதே ஓரியனில் உள்ள ரைஜலின் நீலவெண்மையும் வெறும் கண்ணுக்கே தெரியும்.

6. இந்தத் தொலைநோக்கி எத்தனை மடங்கு பெரிதாக்கும்?

வரிசையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஆனால் கேட்க வேண்டியது முகப்பு விட்டம் எவ்வளவு என்பதை. குவியத்தூரம் 1,200 மி.மீ. உள்ள தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. ஐபீஸை மாற்றினால் மடங்கு மாறிவிடும். விட்டத்தை மாற்ற முடியாது. எவ்வளவு ஒளி உள்ளே வரும், எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இருட்டில் முழுதாக விரிந்த கண்மணியோடு ஒப்பிட்டால், 8 அங்குலத் தொலைநோக்கி சுமார் 800 மடங்கு ஒளியைச் சேகரிக்கிறது. பொதுக் கணக்காக, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கி வரும் எண்ணுக்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும்.

7. நிலவில் அமெரிக்கா நட்ட கொடியையும் நமது விக்ரம் லேண்டரையும் காட்ட முடியுமா?

முடியாது. 8 அங்குலத் தொலைநோக்கியில் நிலவின் மீது சுமார் ஒரு கிலோமீட்டர் அளவுள்ளவைதான் பிரிந்து தெரியும். விண்வெளியில் சுற்றும் ஹப்பிள் தொலைநோக்கிக்கே சுமார் 90 மீட்டர்தான் எல்லை. லேண்டர்களோ சில மீட்டர் அளவுள்ளவை. தெரியவில்லை என்பதால் அங்கே எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. நிலவைச் சுற்றிவரும் விண்கலங்கள் அருகிலிருந்து இவற்றைப் படமெடுத்துள்ளன. அப்பல்லோ 11, 14, 15 பயணங்களில் வைக்கப்பட்ட ஒளிதிருப்பிகளின் மீது இன்றும் லேசர் கதிரைச் செலுத்தி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு நிலவின் தொலைவை அளக்கிறார்கள். அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடல் பகுதியையும், 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 இறங்கிய தென்துருவப் பக்கத்தையும் குத்துமதிப்பாகச் சுட்டிக்காட்ட முடியும்.

8. என் ஜன்ம நட்சத்திரத்தைக் காட்டுவார்களா?

தாராளமாக. நிலவு வானத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாட்களுக்குச் சற்று அதிகமாகிறது. அந்தப் பாதையை 27 பங்காக்கி, அந்தந்தப் பகுதியில் உள்ள விண்மீனின் பெயரால் அழைத்தார்கள். ‘இன்று ரோகிணி’ என்றால் நிலவு ரோகிணியின் பகுதியில் இருக்கிறது என்று பொருள். உங்கள் ஜன்ம நட்சத்திரம் என்பது நீங்கள் பிறந்த வேளையில் நிலவு நின்ற இடம்.

மாலை வானத்தில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை ஆகியவற்றை ஜனவரி, பிப்ரவரியில் நன்றாகப் பார்க்கலாம். சித்திரையும் சுவாதியும் மே, ஜூனில். கேட்டையும் மூலமும் ஜூலை, ஆகஸ்டில். திருவோணம் செப்டம்பர், அக்டோபரில். கார்த்திகை என்பது ஒற்றை விண்மீன் அல்ல, ஒரு கூட்டம் என்பதை பைனாகுலரே காட்டிக்கொடுத்துவிடும். திருவோணம் சுமார் 17 ஒளியாண்டு தொலைவு, சுவாதி 37, ரோகிணி 65. ரோகிணியில் பிறந்த ஒருவர் தமது 65 வயதில் அதைப் பார்த்தால், அவர் பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பிய ஒளி அப்போதுதான் அவரை வந்தடைகிறது.

ஜன்ம நட்சத்திரத்தின் பலன் என்ன என்று கேட்டால் பதில் கிடைக்காது. விண்மீன்களின் இருப்பிடம் தனிமனிதரின் வாழ்வை நிர்ணயிக்கிறது என்பதற்கு வானியலில் ஆதாரம் இல்லை.

9. கல்யாணத்தில் காட்டும் அருந்ததி உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது. மார்ச்சிலிருந்து ஜூலை வரை மாலையில் வட வானத்தில் தெரியும் சப்தரிஷி மண்டலத்தின் வால்பகுதியில், நடுவில் இருப்பது வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. இரண்டும் நம்மிடமிருந்து சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் உள்ளன. பகல் முகூர்த்தத்தில் சூரிய ஒளி மறைத்துவிடுவதால் தம்பதியர் திசையை மட்டுமே பார்க்கிறார்கள். இருண்ட வானில் நல்ல கண்ணுக்கு இரண்டும் பிரிந்து தெரியும். தொலைநோக்கியில் பார்த்தால் வசிஷ்டரே இரண்டு விண்மீன்களாகப் பிரிவார். நுட்பமான கருவிகளால் ஆராய்ந்ததில் வசிஷ்டர் நான்கு விண்மீன்கள் என்றும், அருந்ததி இரண்டு என்றும் தெரியவந்துள்ளது.

10. கிரகணத்தைப் பார்க்கலாமா? அந்த நேரத்தில் சாப்பிடலாமா?

சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2028 டிசம்பர் 31 இரவு இந்தியாவில் முழுச் சந்திர கிரகணம் தெரியும்.

சூரியனை மட்டும் கிரகணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லாததால், பாதிப்பு ஏற்படும்போது தெரியாது. எக்ஸ்ரே ஃபிலிம், புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், சாணி கரைத்த நீர் எதுவும் பாதுகாப்பல்ல. ஐஎஸ்ஓ 12312-2 தரச் சான்றுள்ள கண்ணாடி அல்லது ஊசித்துளை வழியே விழும் பிம்பம், இவையே சரி. தொலைநோக்கியில் பார்ப்பதானால், வடிகட்டியை அதன் முன்முகப்பில் பொருத்தியிருக்க வேண்டும். ஐபீஸில் பொருத்தும் வடிகட்டி சூட்டில் வெடித்துவிடக்கூடும்.

2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணம் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகச் சென்றபோது பெரும் கூட்டம் இந்தப் பாதுகாப்பான வழிகளில்தான் பார்த்தது. அடுத்து 2031 மே 21 அன்று கேரளம், தென் தமிழ்நாடு, இலங்கையின் வடபகுதி வழியாக ஒரு கங்கண கிரகணம் வருகிறது.

உணவைப் பொறுத்தவரை, கிரகணத்தின்போது புதிய கதிர் எதுவும் உண்டாவதில்லை. சூரிய ஒளி சற்று நேரம் மறைவதால் உணவு கெடும் என்றால், இரவுச் சாப்பாடு எதையும் நாம் சாப்பிட முடியாது. கர்ப்பிணிகளுக்கும் கண் பாதுகாப்பைத் தாண்டித் தனியான ஆபத்து எதுவும் இல்லை.

11. ‘செவ்வாய் இன்று நிலவளவு தெரியும்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

ஆண்டுதோறும் ஆகஸ்டில் தலைகாட்டும் புரளி. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்கு மிக அருகே, சுமார் 5.58 கோடி கி.மீ. தொலைவுக்கு வந்தது உண்மை. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு நிலவு தெரியும் அளவில் அது இருக்கும் என்ற செய்தியில், தொலைநோக்கி என்ற சொல் உதிர்ந்துபோய் மிச்சம்தான் இன்றுவரை சுற்றுகிறது.

பணம் கட்டினால் விண்மீனுக்கு உங்கள் குழந்தையின் பெயரைச் சூட்டித் தருவதாக வரும் விளம்பரங்களும் இதே ரகம். விண்மீன்களின் அதிகாரபூர்வப் பெயர்களை அங்கீகரிக்கும் சர்வதேச வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை. கையில் கிடைப்பது அலங்காரச் சான்றிதழ் மட்டுமே.

12. வேகமாக நகர்ந்து சட்டென மறையும் ஒளி, பறக்கும் தட்டா?

பெரும்பாலும் செயற்கைக்கோள். சுமார் 400 கி.மீ. உயரத்தில் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம், மினுக்காமல் சீராக நகரும். நமக்கு இருட்டிய பின்பும் அந்த உயரத்தில் வெயில் இருப்பதால் பளிச்சிடுகிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் மறைகிறது. மணி கோத்ததுபோல் வரிசையாகப் புள்ளிகள் சென்றால், அவை புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். மாலையில் மேற்கிலோ அதிகாலையில் கிழக்கிலோ அசையாமல் ஜொலித்தால் அது வெள்ளி.

13. சென்னை, கோவை போன்ற நகரங்களில் என்ன தெரியும்? மலைக்குத்தான் போக வேண்டுமா?

நிலவு, கோள்கள், பிரகாசமான இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு நகர வெளிச்சம் பெரிய தடையல்ல. பால்வீதிக்கும் நெபுலாக்களுக்கும்தான் இருள் வேண்டும். அதற்காக ஜவ்வாது மலை, கொல்லி மலை என்று போகிறார்கள். வனப்பகுதியாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் தங்கக் கூடாது.

ஜவ்வாது மலையில்தான் காவலூர் வைணு பாப்பு ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வட வானத்தையும் தென் வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து பார்க்க முடியும். இந்த வாய்ப்பு தமிழ்நாடு முழுவதற்கும் உண்டு. லண்டனில் இருப்பவர் ஒருபோதும் காண முடியாத தெற்குச் சிலுவை, ஏப்ரல், மே இரவுகளில் நம் தென் வானில் நிற்கும்.

14. மேகம் வந்துவிட்டால் அலைச்சல்தானே?

அந்த ஆபத்து எப்போதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் அந்த மாதங்களில் நிகழ்ச்சி ரத்தாகலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பொதுவாக ஒத்துழைக்கும். கிளம்பும் முன் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேகம் மூடினாலும் உரை பெரும்பாலும் நடக்கும். கேள்வி கேட்க அதிக நேரம் கிடைக்கும் நாள் அதுதான்.

15. அங்கே எதையெல்லாம் செய்யக் கூடாது?

கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். ஒருவர் செல்போன் டார்ச்சை அடித்தால் சுற்றியுள்ள எல்லோருக்கும் அது முதலிலிருந்து தொடங்கும். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் அவ்வளவாகப் பாதிக்காது. பார்க்கும்போது தொலைநோக்கியைப் பிடிக்காதீர்கள். இலேசாகத் தட்டினாலும் கோள் பார்வையிலிருந்து நகர்ந்துவிடும். செல்போனில் படம் எடுக்க நிலவு ஏற்றது. வரிசை குறைந்த பிறகு கேளுங்கள்.

16. பிள்ளைக்கு உடனே ஒரு தொலைநோக்கி வாங்கித் தரலாமா?

அவசரம் வேண்டாம். ‘675 மடங்கு’ என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் ஆட்டம் காணும் முக்காலிக் கருவிகள், ஆர்வத்தைக் கெடுப்பதில் கைதேர்ந்தவை. முதலில் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் வாங்குங்கள். முதல் எண் பெரிதாக்கும் மடங்கு, இரண்டாவது எண் மில்லிமீட்டரில் விட்டம். ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் இருந்தால், 6 அங்குல டாப்சோனியன் வகையைப் பரிசீலிக்கலாம்.

இந்த எளிய மரத்தாங்கி வடிவத்தைப் பரப்பியவர் ஜான் டாப்சன். ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் 23 ஆண்டுகள் துறவியாக இருந்தவர். 1968-இல் ‘நடைபாதை வானியலாளர்கள்’ குழுவைத் தொடங்கி, தெருவில் போவோரை நிறுத்தி வானத்தைக் காட்டினார்.

17. இதெல்லாம் பொழுதுபோக்குதானே? அறிவியலுக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு. வங்காளத்தில் ஜெசூர் கருவூலத்தில் குமாஸ்தாவாக இருந்த ராதா கோவிந்த சந்திரா, ஒளி மாறும் விண்மீன்களைக் கண்காணித்து 37,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை அமெரிக்காவின் மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பினார். அந்தச் சங்கம் அவருக்கு 1926-இல் ஒரு 6 அங்குலத் தொலைநோக்கியைக் கொடுத்து உதவியது. பின்னாளில் அது வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, காவலூரைச் சென்றடைந்தது. 2009-இல் வியாழன் மீது ஏதோ மோதி உண்டான கரும்புள்ளியை முதலில் கண்டவர், ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கி வைத்திருந்த ஆந்தனி வெஸ்லி.

மக்களுக்கு விளக்கிச் சொல்வதும் இங்கு புதிதல்ல. சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அந்நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் கையேட்டை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார்.

18. எங்கள் ஊரிலும் நடத்த என்ன செய்ய வேண்டும்?

மரமும் கட்டடமும் மறைக்காத திறந்தவெளி, உட்காரப் பாய், குடிநீர், சுற்றியுள்ள விளக்குகளை இரண்டு மணி நேரம் அணைத்துவைக்க அனுமதி. அருகில் உள்ள வானியல் குழுவுக்கோ அறிவியல் இயக்கத்துக்கோ இவ்வளவையும் உறுதிசெய்து சொன்னால், தொலைநோக்கியோடு வருவார்கள். பகலில் தொடங்க விரும்பும் பள்ளிகள் நிழலில்லா நாளைத் தேர்ந்தெடுக்கலாம். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி, நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருவதால் செங்குத்தாக நிற்கும் கம்பிக்கு நிழல் விழாது. செலவே இல்லாத சோதனை இது.

சொன்னதை நம்பச் சொல்லாமல், ‘நீங்களே பாருங்கள்’ என்று கூப்பிடும் இடங்கள் குறைவு. வான்நோக்கல் நிகழ்ச்சி அவற்றில் ஒன்று. அடுத்த வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டி உங்கள் பகுதியில் நிகழ்ச்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிள்ளைகளோடு பாட்டி, தாத்தாவையும் அழைத்துச் செல்லுங்கள். ஆளுக்கு ஒரு கேள்வியாவது கையோடு கொண்டுபோங்கள்.